நீலக் கொம்புகள்

மாடுகளை ஒளித்து வைக்கும் யோசனை என்னுடையது. வீட்டுக்காரர் மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான், ஆனால் அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிறார். பன்னிரண்டு மணி நேர வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, பிறகு தூக்கம். மாடுகள் என் பிழைப்பு. கறந்தது நான், விற்றது நான், ஒளித்ததும் நான்தான்.

நாங்கள் இருப்பது ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட இடம். பக்கத்து டவுனான சிம்பாங் பூலாய்க்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். குலை வெட்டும் வேலையை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் செய்கிறார்கள். எங்கள் ஆட்கள் டவுனுக்கு வேலைக்குப் போகிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கோழி, மிளகாய், மரவள்ளி என்று கைச்செலவுக்கு வைத்திருந்தோம். மாடு வைத்திருந்தவர்கள் மூன்றே வீட்டார். அதில் எனக்குத்தான் அதிகம், பதினைந்து.

பதினைந்து மாடு தோட்டத்துக்குள் மேய்ந்தால் நிர்வாகம் சும்மா இருக்குமா? புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டன என்று ஒரு நாள் கடிதம் வந்தது. வீட்டுக்கு நான்கு மாடுகள்தான் அனுமதி. அதற்கு மேல் இருப்பது தெரிந்தால் எல்லா மாட்டையும் வெளியேற்றிவிட வேண்டும். கடிதத்தில் தப்பு சொல்ல முடியாது. குருத்தைத் தின்றவை என் மாடுகள்தான், நானே கம்பெடுத்து விரட்டியிருக்கிறேன். ஆனால் நான்கு மாடு இருந்தால் ஒரு நேரத்தில் கறப்பது இரண்டாகத்தான் இருக்கும், மற்றவை சினையாக நிற்கும். இரண்டு மாட்டுப் பாலை வைத்து என்ன செய்வது? வீட்டுக்கு டீ போடலாம்.

அடுத்த மாதமே கால்நடை இலாகாவிலிருந்து மாடுகளுக்குக் காதில் வில்லை போட வருவதாகச் சொன்னார்கள். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வில்லை, அதில் ஒரு எண். அந்த எண்ணை இலாகாவில் பதிந்துகொள்வார்கள். மாட்டுக்கு நோய் வந்தாலும் வெள்ளத்தில் போனாலும் உதவி கிடைக்கும் என்று அறிவிப்பில் இருந்தது. பட்டியலின் ஒரு பிரதி தோட்ட ஆபீசுக்கும் போகும் என்று இருந்தது. நான் இரண்டாவதை மட்டும்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். முதலாவது கண்ணில் பட்டது, மனசில் ஏறவில்லை.

ஆற்றோரம் ஒரு பழைய கட்டடம் இருந்தது. ரப்பர் காலத்தில் பால் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைத்த இடம், புகைவீடு என்போம். கூரை எப்போதோ போய்விட்டது. செங்கல் சுவர் நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, சுற்றிலும் புதர். வாசலுக்குத் தகரக் கதவு போட்டு, சங்கிலி மாட்டிப் பூட்டினேன். பதினொரு மாடுகளை அங்கே கொண்டு போனேன். மீதி நான்கையும் மேட்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் எல்லோரும் பார்க்கும்படி கட்டினேன்.

இலாகா அதிகாரி மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். நான்கு மாட்டுக்கும் வில்லை போட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று மலாயில் கேட்டார். இவ்வளவுதான் என்றேன். பதிவுப் பாரத்தில் நான்கு என்று எழுதி நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என்னைப் போலக் கெட்டிக்காரி பேராக் மாநிலத்திலேயே இல்லை என்ற நினைப்பு எனக்கு.

மூன்று வருடம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் நன்றாகத்தான் ஓடியது. விடியும் முன்பே புகைவீட்டுக்குப் போய்க் கறப்பேன். பகலில் ஆற்றோரப் பக்கமே மேய்த்து, வெளிச்சம் போவதற்குள் அடைத்துவிடுவேன். மற்ற இடங்களில் எல்லாம் களைக்கொல்லி அடித்துப் புல்லைக் கருக்கினார்கள், ஆற்றோரத் துண்டுக்கு மட்டும் ஆட்கள் வரவில்லை. அங்கே புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. நமக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பால் எல்லாம் சிம்பாங் பூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிற்று. கடைக்காரர் இராமநாதபுரத்துப் பூர்வீகம், தமிழ் முஸ்லிம். வாசலில் 'பசும்பால் டீ' என்று போர்டு எழுதி மாட்டி வைத்திருந்தார், அது என் பாலுக்காக மாட்டிய போர்டு. அந்தப் பாலில்தான் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினேன். மோட்டார் வாங்கினேன். வீட்டுக்காரரிடம் கைநீட்டாமல் இருந்தேன், அது எனக்கு மற்ற இரண்டையும் விடப் பெரிது. அவருக்கு நான் அவருடைய தொழிற்சாலையிலேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசை. மாசம் பிறந்தால் சம்பளம் என்பார். மாடு செத்தால் வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வருட மாட்டுப் பொங்கல் சமயத்தில், கோவில் கேட்டுக்கு அடித்த நீலப் பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வாங்கி வந்து, மேட்டில் இருந்த நான்குக்கும் கொம்பில் பூசினேன். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு புகைவீட்டுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு.

"ஒளிச்சு வச்ச மாட்டுக்கு என்னாத்துக்கு சிங்காரம்?" என்றார்.

"அதுங்க மட்டும் பால் குடுக்கலையா?"

"யாராச்சும் பாத்தா?"

"பாத்தா பொங்கல் வாழ்த்து சொல்லிட்டுப் போகட்டும்."

பதினொன்றுக்கும் பூசினேன். கோணக்கொம்புக்காரிக்கு மட்டும் இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கை முழுக்க நீலம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மழையில் மேய்க்க முடியாது என்று புல் அறுத்துப் போட்டு மாடுகளைப் புகைவீட்டிலேயே அடைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை கறந்துவிட்டுப் பார்த்தேன். ஆறு கலங்கி ஓடியது, ஆனால் கரைக்கு இன்னும் ஆள் உயரம் கீழேதான் இருந்தது. எப்போதும் அவ்வளவுதான் வரும். சங்கிலியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாலை மோட்டாரில் ஏற்றினேன்.

கடையில் பாலை இறக்கும்போது எட்டு மணி. எட்டரைக்குப் போனில் லயத்து வாட்ஸ்அப் குழுவில் மண்டோர் பேசி அனுப்பியிருந்தார். அவர் தோட்டத்து வெளிவேலையைப் பார்த்துக்கொள்கிற நம் ஆள், லயத்திலேயே இருப்பவர். மலையில் பெய்த தண்ணீர் இறங்கிவிட்டது, தோட்டத்துப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, யாரும் திரும்பி வராதீர்கள் என்றார். கடைசியில், "நா டிராக்டரோட உள்ளத்தான் இருக்கேன். ஆளோ ஆடுமாடோ எங்கயாச்சும் மாட்டிக்கிச்சுன்னா ஒடனே எனக்கு அடிங்க. யோசிக்காதீங்கலா" என்றார்.

யோசிக்காதீர்கள் என்று சொன்னவரைப் பற்றித்தான் ஒன்பதரையிலிருந்து யோசித்தேன். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் தண்ணீர் புகைவீடு வரை வராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு குழுவில் படங்கள் வந்தன. கீழ் லயத்தில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். மண்டோருக்கு அடித்தால் புகைவீட்டைச் சொல்ல வேண்டும். புகைவீட்டைச் சொன்னால் பதினொன்றைச் சொல்ல வேண்டும். அவர் நிர்வாகத்துச் சம்பளக்காரர், மேலே சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னால் மேட்டில் இருக்கும் நான்கையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். மூன்று வருடம் பொய் சொன்னவள் என்ற பெயரும் சேரும்.

கடைக்காரர் எதிரில் டீயை வைத்தார்.

"என்னக்கா, போனயே பாத்துக்கிட்டு இருக்கீங்க? யாருக்காச்சும் அடிக்கணும்னா அடிங்க. என் போனு வேணுமா?"

"இல்ல. வேணாம்."

"மாடெல்லாம் மேட்டுலதானே இருக்கு?"

"மேட்டுலதான்."

அவரிடமும் நான்கு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். நான்கு மாடு எப்படி இவ்வளவு பால் கறக்கும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பதினொன்றரைக்கு அடித்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி அடித்தேன். இருபது தடவைக்கு மேல் அடித்திருப்பேன். அந்தப் பக்கம் முழுவதும் லைன் போய்விட்டது என்று கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள். டீ ஆறிப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் பாதை திறந்தது. வேலைக்குப் போய் ஈப்போவிலேயே தங்கிவிட்ட வீட்டுக்காரரும் நானும் வந்தோம். மேட்டில் நான்கு மாடுகளும் கத்திக்கொண்டு நின்றன, கறவையில் இருந்த இரண்டுக்கும் மடி கனத்திருந்தது. அவரைக் கறக்கச் சொல்லிவிட்டு நான் புகைவீட்டுக்கு நடந்தேன். சுவரில் சேற்றுக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. ஆற்றுப் பக்கத்துச் சுவர் இடிந்து விழுந்திருந்தது. அது விழுந்து வழி கிடைத்தபோது நேரம் கடந்திருக்க வேண்டும். எட்டு மாடுகள் உள்ளேயே கிடந்தன, பாதிக்கு மேல் கதவோரமாக. கதவு வழியாகத்தான் நான் வருவேன் என்று அவற்றுக்குத் தெரியும். மற்ற மூன்றும் வெளியே செம்பனைகளுக்கு நடுவில் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அழுது முடித்ததும் செய்த காரியத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். சங்கிலியையும் பூட்டையும் கழற்றிப் பைக்குள் போட்டேன். தகரக் கதவைப் பெயர்த்து ஆற்றில் தள்ளிவிட்டேன். ஒருவர் அடைத்து வைத்த இடம் மாதிரி அது இருக்கக் கூடாது.

கணக்கெடுப்புக்கு இலாகா வருகிறது என்று மறுநாள் தெரிந்தது. கீழ் லயத்தில் ஒருவருக்கு இரண்டு மாடு போயிருந்தது. இரண்டுக்கும் வில்லை இருந்ததால் இரண்டு கிடேரிக் கன்றுகள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றுக்கு இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று கன்றாவது கையில் வந்தால் இரண்டு வருடத்தில் நிமிர்ந்துவிடுவேன். இல்லையென்றால் கூட்டிப் பெருக்கப் போக வேண்டியதுதான். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது.

"நாலோட வில்லயயும் அறுத்து, செத்ததுங்க காதுல மாட்டிட்டா?"

"அப்பறம் உயிரோட இருக்கிற நாலும் யாரு மாடு? ஒங்க மாடா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீங்க பேசாமத் தூங்குங்க."

எரிந்து விழுந்தேனே தவிர, அரை நாள் நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் அதே அதிகாரி. நிர்வாகத்தின் சார்பில் மண்டோர் கூட வந்தார். முதலில் கொட்டகைக்கு வந்து வில்லைகளின் எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். நான்கும் இருந்தன. பிறகு புகைவீட்டுப் பக்கம் போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அதிகாரி ஒவ்வொரு மாட்டின் காதையும் குச்சியால் தூக்கிப் பார்த்தார். கோணக்கொம்புக்காரியிடம் வந்ததும் நின்றார். குச்சியால் கொம்பில் இருந்த சேற்றைச் சுரண்டினார். உள்ளே நீலம் பளிச்சென்று இருந்தது. அடுத்த மாட்டிலும் சுரண்டினார், அதுவும் நீலம். குழம்பிப்போனவர் மாதிரி திரும்பி மேட்டைப் பார்த்தார். என் கொட்டகை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

இவை யாருடைய மாடுகள் என்று கேட்டார்.

என் மாடுகள் என்று சொல்லியிருந்தாலும் கன்று கிடைத்திருக்காது, வில்லை இல்லையே. நான்கு மாடும் போயிருக்கும், புதைக்கும் செலவும் என் தலையில் விழுந்திருக்கும். இதெல்லாம் சரியான கணக்குதான். ஆனாலும் அந்த நேரத்தில் நான் கணக்குப் பார்க்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நகக்கண்ணில் நீலம் இருந்தது.

"தெரியாது" என்றேன்.

மண்டோர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேலே எங்கேயோ இருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று மலாயில் சொன்னார். பொங்கலுக்கு நம் ஆட்கள் எல்லோருமே கொம்புக்குப் பெயின்ட் அடிப்பார்கள் என்றும் சொன்னார். நல்ல வேளை, இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தேன். அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உரிமையாளர் இல்லாத கால்நடைகள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். என் பெயருக்கான பாரத்தை எடுத்தார். பதிந்த மாடுகள், நான்கு. இருக்கும் மாடுகள், நான்கு. இழப்பு என்ற கட்டத்தில் 'தியாடா' என்று எழுதினார். மலாயில் இல்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டேன்.

மதியம் மண்வாரி இயந்திரம் வந்து பெரிய குழி தோண்டியது. நான் பக்கத்தில் போகவில்லை. யார் மாட்டுக்கோ நான் எதற்கு நிற்க வேண்டும்?

கடைக்காரர் ஒரு மாதம் பொறுத்தார். நான் கொண்டு போனது ஒரு கேன்கூட நிறையவில்லை. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. யாவாரம் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் பெட்டிப்பாலுக்கு மாறினார். நாணயமான மனிதர், போர்டையும் இறக்கிவிட்டார். அடுப்படியில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று அவரே கேட்டார். தொழிற்சாலையில் வீட்டுக்காரர் கண்முன்னால் கூட்டுவதைவிட இது மேல் என்று சேர்ந்துவிட்டேன். இரண்டு மாட்டை விற்றாயிற்று. மீதி இரண்டில் ஒன்று கறக்கிறது. வீட்டுக்கு டீ போடுகிறோம்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் மண்டோர் கடைக்கு வந்தார். கூட்டம் இல்லாத நேரம். டீ சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் அடுப்படிப் பக்கத்து மேசைக்கு மாறி உட்கார்ந்தார். லயத்துக் கதை, மழைக் கதை எல்லாம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. அன்னிக்கு எனக்கு ஏன் போன் அடிக்கல?"

"எதுக்கு அடிக்கணும்?"

"புகைவீட்டுக்குத்தான்."

கையில் இருந்த கிளாஸைத் தொட்டியில் வைத்தேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு மாடுக்கா. சாணி போடாதா? மூணு வருசமா அந்தத் துண்டுக்கு மருந்தடிக்க ஆள அனுப்பாம இருந்தது யாருன்னு நெனச்சீங்க? மருந்தடிச்ச புல்லத் தின்னுட்டு மாடு செத்துப் போயிடும்னுதான்லா."

தொட்டியில் வைத்த கிளாஸை மறுபடி எடுத்துக் கழுவினேன்.

"அன்னிக்கு டிராக்டரோட அந்தப் பக்கம் போலாமான்னு பாத்தேன்க்கா. தண்ணி அப்போ முட்டி அளவுதான். அப்பறம் நானே சொல்லிக்கிட்டேன், அக்காகிட்டேருந்து போன் வரலியே, அப்போ மாட்டையெல்லாம் காலையிலயே ஓட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு. மாடு உள்ள இருந்தா நீங்க அடிக்காம இருப்பீங்களா?"

அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்பார். சொல்லவில்லை.

அவர் டீயைக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"இப்போல்லாம் பெட்டிப்பாலாக்கா?"

"ஆமா" என்றேன்.